இணையம் ஆளைக் கொண்டுவரும், காசை எங்கே இறக்கும்? நாடுகளின் அனுபவமும் திருமலைச் சுற்றுலாவும்

கோணமலைக் குறிப்பு (இழையைத் தொடங்கியவர்)

"டிஜிட்டல் மயமாக்கினால் சுற்றுலா வளரும்" என்ற வசனம் எங்கள் ஊர்க் கூட்டங்களில் தேவாரம் மாதிரி ஆகிவிட்டது. அதைச் சொல்லாமல் ஒருவரும் மைக்கை விடுவதில்லை. ஆனால் நாட்டுக்கு நாடு விளைவு ஒன்றாக இல்லை. ஏன் இல்லை என்று பார்த்தால்தான் திருமலையில் (திருகோணமலையில்), அதன் கரைகளான உப்புவெளியிலும் நிலாவெளியிலும் எதில் காசைப் போடலாம், எதில் போடக் கூடாது என்று பிடிபடும்.

மாலைதீவை எடுங்கள். சனம் வாழும் ஊர்த்தீவுகளில் விருந்தினர் விடுதி நடத்த 2009 அளவில்தான் வழி திறந்தது. அதுவரை சுற்றுலா என்றால் தனித்தீவு ரிசோர்ட்தான். வழி திறந்ததும் மாஃபூஷி போன்ற தீவுகளில் ஐந்தறை, ஆறறை விடுதிகள் முளைத்தன. அவற்றுக்கு ஐரோப்பாவில் முகவர் யாரும் இல்லை. முன்பதிவுத் தளங்களே முகவர். இங்கே தொழில்நுட்பம் ஒரு புதிய முதலாளி வகுப்பையே உண்டாக்கியது. ஆனால் பூட்டைத் திறந்தது சட்டம். இணையம் அதற்குப் பிறகு வாசலால் உள்ளே வந்தது.

ஐஸ்லாந்தைக் காட்டி எல்லாரும் சமூக வலைத்தள வெற்றி என்று பாடம் எடுப்பார்கள். 2010 எரிமலைச் சாம்பலுக்குப் பிறகு இணையப் பிரசாரம் நடந்தது உண்மை. 2010 இல் 5 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக வந்தவர்கள் 2018 இல் சுமார் 23 இலட்சம். 2019 மார்ச்சில் வாவ் எயார் விமான நிறுவனம் விழுந்தது. அந்த ஆண்டு எண்ணிக்கை சுமார் 20 இலட்சத்துக்கு இறங்கியது. இன்ஸ்டகிராம் அப்படியே இருந்தது. இருக்கைதான் இல்லை.

இலங்கைக்கு வந்தவர்களின் கணக்கு: 2018 இல் 23.3 இலட்சம், 2022 இல் 7.2 இலட்சம், 2024 இல் 20.5 இலட்சம். மூன்று ஆண்டிலும் அதே முன்பதிவுத் தளங்கள், அதே போன்கள். இடையில் ஈஸ்டர் குண்டு, கொரோனா, எரிபொருள் வரிசை. ஆகவே தொழில்நுட்பம் தானாக ஆளைக் கொண்டுவராது. வரக்கூடியவரை வழியில் தடுக்காமல் விடுவதுதான் அதன் வேலை. தடை எங்கே என்று இடத்துக்கு இடம் வேறுபடும். விசாவா, காசு கட்டுவதா, வழி தெரியாமையா, அறை இரட்டிப்பாக விற்கப்படுவதா?

திருமலையில் எது என்று அவரவர் துறையிலிருந்து எழுதுங்கள். பொதுப்படையாக வேண்டாம், கணக்கோடு எழுதுங்கள்.

---

நாலாம் கட்டை

விசா என்றுதான் முதலில் சொல்வேன். இலங்கையின் ஈடிஏ என்ற இணைய அனுமதி முறை 2012 ஜனவரி 1 இல் வந்தது. இந்தியா இ-விசாவைத் தொடங்கியது 2014 நவம்பரில், எங்களுக்குப் பிறகு. முந்திப் போனவன் எங்கே கோட்டை விட்டான்? 2024 ஏப்ரலில் ஓடிக்கொண்டிருந்த முறையை மாற்றி வெளி நிறுவனத்திடம் கொடுத்தார்கள், கட்டணமும் ஏறியது. ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. பழைய ஈடிஏ திரும்ப வந்தது செப்டெம்பர் கடைசியில். தென்பகுதிக்கு அது ஓய்வுக் காலம். எங்களுக்கு ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை என்றால் முழுப் பருவம்! மென்பொருள் மாற்றத்துக்கு நாள் குறிக்கும்போது கிழக்கின் பருவத்தை யார் பார்த்தார்கள்?

பெருவிலும் இதே கதை. 2024 ஜனவரியில் மச்சு பிச்சு நுழைவுச் சீட்டு விற்பனையைத் தனியார் தளமொன்றிடம் கொடுத்ததும் அடிவாரத்து ஊர்ச்சனம் வேலைநிறுத்தம் செய்தது, ரயில் ஓடவில்லை. சீட்டு இணையத்தில் விற்பதை அவர்கள் எதிர்க்கவில்லை. சாவி யார் கையில் என்பதுதான் சண்டை.

விடுதிக்காரர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. முன்பதிவு உறுதியானதும் போகும் முதல் செய்தியிலேயே அரசின் விசாத் தள முகவரியை நீங்களே அனுப்புங்கள். அது "டொட் கவ் டொட் எல்கே" என்று முடியவேண்டும் என்றும் சொல்லுங்கள். தேடுபொறியில் மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம். இடைத்தரகர் தளம் அதே விண்ணப்பத்தை மேலதிகக் கட்டணத்துக்கு நிரப்பித் தரும், சிலது நிரப்பாமலே காசை எடுக்கும். தாய்லாந்தில் 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். அது இலவசம், வருகைக்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்பலாம். அதற்கும் காசு கேட்கும் போலித் தளங்கள் உடனேயே வந்துவிட்டன.

---

கணக்குப்பிள்ளை

விசா எங்கள் கையில் இல்லை. கையில் உள்ளதைப் பேசுவோம். "புக்கிங் வருது, காசு மிஞ்சுதில்லை" என்பவர்கள் பெரும்பாலும் தங்கள் கழிவுகளைக் கூட்டிப் பார்த்ததேயில்லை.

அறை விலை 15,000 ரூபாய் என்று வையுங்கள். தளத்தின் அங்கத்தவர் கழிவு 10 வீதம்: 13,500. போனில் பதிவதற்கான கழிவு 10 வீதத்தை யாரோ ஒரு முகவர் "டிக் பண்ணுங்கோ, மேல வரும்" என்று சொல்லப் போட்டிருப்பீர்கள். அது 15,000 இல் கழியாது, 13,500 இல் கழியும்: 12,150. தரகு 15 வீதம் என்றால் 1,822.50 போகும். மிச்சம் 10,327.50. தளம் காசை மெய்நிகர் அட்டையாகத் தந்தால் அட்டை இயந்திரக் கட்டணம் உண்டு, வங்கிக்கு வங்கி மாறும். 3 வீதம் என்று பிடித்தால் 364.50. சுற்றுலா அபிவிருத்தி வரி புரள்வில் (மொத்த வரவில்) 1 வீதம்: 121.50. கையில் 9,841.50. மின்சாரத்துக்கும் சலவைக்கும் முந்திய கணக்கு இது.

15,000 இல் மிஞ்சுவது 65.61 வீதம். ஆகவே பின்னாலிருந்து விலை வையுங்கள். கையில் 12,000 வேண்டும் என்றால் 12,000 ஐ 0.6561 ஆல் பிரியுங்கள், 18,290 வரும். அந்த விலைக்கு அறை போகாது என்று தோன்றினால் முதலில் கழற்றவேண்டியது போன் கழிவை. குறிப்பாக யூலை, ஓகஸ்டில் அது தேவையேயில்லை. தவிர்க்கும் நாட்களைக் குறித்து விடலாம்.

மெய்நிகர் அட்டை பற்றி ஒரு எச்சரிக்கை. அது பிளாஸ்டிக் அல்ல, இலக்கம் மட்டும். அட்டை இயந்திரத்தில் இலக்கத்தைக் கையால் அடித்து அறவிடும் அனுமதியை வங்கி தனியாகத் திறந்துவிட வேண்டும். திறக்காத இயந்திரம் "அனுமதியில்லை" என்று சொல்லும், நீங்கள் அட்டையில் பிழை என்று நினைப்பீர்கள். அட்டை உயிர்பெறும் திகதிக்கு முன் அடித்தாலும் அதே பதில்தான்.

---

உவர்மலை மேசை

@கணக்குப்பிள்ளை, இதனால்தான் பலர் "வந்து காசாகத் தரலாம்" என்று போடுகிறார்கள். பிறகு ஆள் வராவிட்டால் கையை விரிக்கிறார்கள்.

---

கணக்குப்பிள்ளை

ஓம். அதற்கு மருந்து முற்பணம். ஆனால் எப்படி வாங்குவது என்பதில்தான் நாடு வித்தியாசப்படுகிறது. பேபால் இலங்கையில் நீண்டகாலமாக ஒருவழிப் பாதை: அனுப்பலாம், பெற முடியாது. வியட்நாமிலோ தாய்லாந்திலோ உள்ள ஆறறை விடுதிக்காரர் இலகுவாக வாங்கும் முற்பணத்தை இங்குள்ளவர் வாங்க மூன்று வழி இருக்கிறது. உள்ளூர்க் கட்டண நுழைவாயில் ஒன்றில் பதிந்து "காசு கட்டும் இணைப்பு" அனுப்புவது முதலாவது. அதற்கு வியாபாரப் பதிவும் வங்கிக் கணக்கும் ஒரே பெயரில் இருக்கவேண்டும். பெயர் ஓரெழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வரும். இரண்டாவது, விருந்தினர் வைஸ் போன்ற பணம் அனுப்பும் சேவையால் உங்கள் ரூபாய்க் கணக்குக்கு நேரே அனுப்புவது. மூன்றாவது, முன்பதிவுத் தளமே முற்பணம் எடுத்து வைக்கும் முறை, தரகோடு.

முதல் இரவின் விலையை மட்டும் முற்பணமாகக் கேளுங்கள். முழுவதையும் கேட்டால் முன்பின் தெரியாத விடுதிக்கு யாரும் கட்டமாட்டார்கள்.

---

கியூஆர் கந்தப்பு

கட்டணம் என்றால் என் பக்கம். 2022 இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்த பிறகு இந்த நாட்டில் கியூஆர் என்றால் என்னவென்று தெரியாத ஓட்டோக்காரர் இல்லை. வரிசை கற்பித்த பாடம்! லங்கா கியூஆர் தரம் இருப்பதால் ஒரே சதுரம் பல வங்கிச் செயலிகளுக்கு வேலை செய்யும். 2024 பெப்ரவரி 12 இல் இந்தியாவின் போன் கட்டண முறையான யூபிஐ இலங்கையிலும் மொரீசியஸிலும் ஒரே நாளில் தொடங்கியது. இலங்கைக்கு அதிகம் ஆள் அனுப்பும் நாடு இந்தியா என்பதால் இது சின்ன விடயம் அல்ல.

ஆனால் கடை வாசலில் ஒட்டினால் தானாக வேலை செய்யும் என்று நினைக்காதீர்கள். நான்கு இடத்தில் தடக்கும்.

விருந்தினர் தன் செயலியில் வெளிநாட்டுக் கட்டணத்தைத் தன் வங்கிக் கணக்குக்குத் திறந்திருக்க வேண்டும், அதற்குக் காலாவதியும் உண்டு. சென்னையில் திறந்துவிட்டு வரச் சொல்லுங்கள். இங்கே வந்து இந்திய சிம் அலைவரிசை பிடிக்காமல் நின்றால் சரிபார்ப்புச் செய்தி வராது. அடுத்தது, உங்கள் கியூஆர் வியாபாரிக் கணக்குக்கானதா, ஆளுக்கு ஆள் அனுப்பும் சதுரமா என்று வங்கியில் கேளுங்கள். வெளிநாட்டுக் காசு பின்னதற்கு வராது. மூன்றாவது, விலை பதியாத ஒட்டுச் சதுரத்தில் தொகையை வாடிக்கையாளரே அடிக்கிறார். 4,500 ஐ 450 என்று அடித்துப் பச்சைத் திரையைக் காட்டிவிட்டுப் போவார். அவருடைய திரை உங்களுக்குச் சாட்சி அல்ல. உங்கள் போனுக்கு வரும் வரவுச் செய்திதான் சாட்சி.

நாலாவது கடல். கரையிலிருந்து நூறு மீற்றருக்குள் ஒட்டிய சதுரம் ஒரு பருவத்தில் வெளிறிவிடும், கறுப்பு மண்ணிறமாகும், கமரா தடுமாறும். லமினேட் செய்தாலும் ஓரத்தால் ஈரம் ஏறும். கடுதாசியை விட்டு அக்ரிலிக் பலகையின் உட்புறத்தில் அச்சடித்துப் பின்னால் வெள்ளை பூசுங்கள். நாளாந்தம் காலையில் உங்கள் போனாலேயே ஒரு தடவை வாசித்துப் பெயர் சரியா என்று பாருங்கள். மேலே வேறு சதுரம் ஒட்டிக் காசைத் திருப்பும் திருட்டு உலகம் முழுக்க இருக்கிறது.

---

தலம் தேடி (தமிழ்நாடு)

நான் சென்னைப் பக்கத்திலிருந்து யாத்திரைக் குழு ஏற்பாடு செய்யறவங்களுக்கு வழித்திட்டம் போட்டுத் தர்ற ஆள். ஒண்ணு சொல்லலாமா? நீங்க எல்லாரும் ஐரோப்பாக்காரங்களை மனசுல வச்சுப் பேசறீங்க. ஈழத்துல பாடல் பெற்ற தலம் ரெண்டு: திருக்கேதீச்சரம், திருக்கோணேஸ்வரம். அதுக்காகவே வரணும்னு நினைக்கிற கூட்டம் இங்க இருக்கு. அவங்க தேடறது தமிழ்ல. "கோணேஸ்வரர் கோயில் நடை எப்ப திறக்கும்", "கன்னியா வெந்நீர் ஊற்று எவ்வளவு தூரம்", "சைவச் சாப்பாடு கிடைக்குமா". தமிழ்ல தேடினா கிடைக்கிறது பெரும்பாலும் பழைய கட்டுரை, யூடியூப் வீடியோ. ஒரு விடுதி வலைத்தளம்கூட தமிழ்ல பதில் வச்சிருக்கறதைப் பார்க்கறது அபூர்வம்.

எழுத்துக்கூட்டல் வேற பிரச்சினை. திருகோணமலை, திருக்கோணமலை, திரிகோணமலை, திருமலை. கடைசியா சொன்னதைத் தேடினா எங்க ஊர்ல திருப்பதி வந்துரும்!

வழியும் மாறியிருக்கு. பலாலிக்கு சென்னை விமானம் 2022 டிசம்பர்ல மறுபடி வந்தது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபர்ல தொடங்கி நின்னு, 2024 ஆகஸ்ட்ல திரும்ப ஓடுச்சு. அதனால யாழ்ப்பாணம் இறங்கி வவுனியா வழியா திருமலை வர்ற குழு கூடும். ஆனா உங்க விடுதிப் பக்கங்கள் எல்லாம் "கொழும்பிலிருந்து வருவது எப்படி"ன்னு மட்டும்தான் சொல்லுது.

---

வரைபடப் பைத்தியம்

@தலம் தேடி சொன்னது பொன். கூகுள் வியாபாரப் பக்கத்தில் பெயரை மாற்றி மாற்றி எழுதக் கூடாது, பலகையில் உள்ளதுதான் பெயர். மீறினால் பக்கத்தை இடைநிறுத்துவார்கள். ஆனால் விபரிப்புப் பந்தியிலும் உங்கள் வலைத்தளத்தின் கேள்வி–பதில் பக்கத்திலும் முதல் மூன்று எழுத்துக்கூட்டலும் இயல்பாக வரும்படி எழுதலாம். ஆங்கிலத்திலும் அப்படியே: நிலாவெளிக்கு இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல் புழங்குகிறது.

அடுத்து, வரைபடத்தில் இடத்தைக் காட்டும் ஊசி. திருமலை–புல்மோட்டை வீதியில் உள்ள விடுதிகளில் ஊசி வீதியின் மறுபக்கம் விழுந்திருப்பது மிகச் சாதாரணம். முகவரியை அடித்துப் பதிந்தால் கூகுள் வீதியின் நடுவில் அல்லது ஊரின் நடுவில் போடும். செய்மதிப் படத்துக்கு மாற்றி, உங்கள் கூரையைக் கண்டுபிடித்து, ஊசியைப் படலை வாசலில் வையுங்கள். கூரையில் அல்ல. கூரையில் வைத்தால் பின்பக்க ஒழுங்கையால் ஓட்டோ வரும். பிறகு அந்த இடத்தின் பிளஸ் குறியீட்டை (கூகுள் வரைபடம் தரும் சுருக்க இடக்குறியீடு) எடுத்து வட்ஸ்அப் தானியங்கிப் பதிலில் போடுங்கள். உரிமைச் சரிபார்ப்புக்கு இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்பார்கள்: வீதி, பெயர்ப்பலகை, உள்ளே சாவியால் கதவு திறப்பது, மூன்றும் ஒரே எடுப்பில், வெட்டாமல். பலகை இல்லாதவர்கள் இதில்தான் விழுவார்கள்.

பயண நேரம் பற்றியும் ஒரு வசனம் வேண்டும். கொழும்பிலிருந்து வரும் ஏ6 இல் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இருட்டிய பிறகு யானை. செயலிக்கு அது தெரியாது. நேரத்தை மட்டும் பார்த்து "இரவு 9 மணிக்கு வந்துவிடலாம்" என்று சொல்லும். "மாலை 5 மணிக்குள் ஹபரணையைத் தாண்டுங்கள்" என்று உறுதிப்படுத்தும் செய்தியிலேயே எழுதுங்கள்.

செயற்கை அறிவு அரட்டையிடம் பயணத்திட்டம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். அது எங்கிருந்து எடுக்கும்? எழுத்தாக இருப்பதிலிருந்து. படத்துக்குள் விலைப்பட்டியல் போட்டு பேஸ்புக்கில் ஏற்றினால் அதற்கு அது இல்லாத மாதிரி. விக்கிப்பயணத்தில் திருமலைப் பக்கத்தை யாரும் திருத்தலாம். விளம்பரம் எழுதினால் அழிப்பார்கள். பஸ் எங்கே நிற்கும், பருவம் எப்போது என்று எழுதினால் நிலைக்கும். டிசம்பரில் நிலாவெளிக்குக் குளிக்கப் போகச் சொல்லும் திட்டங்கள் இன்னும் சுற்றுவதற்குக் காரணம், வாடைக் காலத்தில் இங்கே கடல் என்ன செய்யும் என்று ஒழுங்காக எழுதிவைத்தவர்கள் குறைவு.

---

சேனையூர்ச் சந்தேகம்

எல்லாம் சரி. வந்து குவிந்த பிறகு என்ன செய்வதாக உத்தேசம்? ஐஸ்லாந்தைப் புகழ்ந்தீர்கள். அங்கே ஃபியாத்ரார்கிலியூஃபர் என்ற பள்ளத்தாக்கு ஒரு பாடகரின் காணொளியால் பிரபலமாகி, பாசி மிதிபட்டு, 2019 இல் மூடினார்கள். தாய்லாந்தின் மாயா குடா 2018 யூனில் மூடி 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது படகு குடாவுக்குள் வரவே கூடாது, பின்பக்கத்தால் இறங்கி நடக்க வேண்டும். நிலாவெளிக்கு எதிரே உள்ள எங்கள் புறாத்தீவு எவ்வளவு பெரிசு? கரையிலிருந்து பார்த்தால் கைக்குள் அடங்கும். 2003 இல் தேசிய பூங்கா ஆக்கினோம். பவளத்தின் மேல் நின்று செல்பி எடுப்பதை நிறுத்தினோமா?

---

பைபர் போட்

நிறுத்தவில்லை. ஆனால் தீர்வு "ஒன்லைன் டிக்கெட்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள், அதிலும் பிழைகள் உண்டு.

ஹவாயில் ஹனௌமா குடாவில் 2021 முதல் இணையப் பதிவு. இரண்டு நாளுக்கு முன் காலை 7 மணிக்குத் திறக்கும், நேரப்படி ஆள் பிரிப்பு, உள்ளே போகமுன் ஒன்பது நிமிட வீடியோ கட்டாயம், கிழமையில் இரண்டு நாள் குடாவுக்கு ஓய்வு. அதில் எங்களுக்குப் பொருந்துவது வீடியோவும் ஓய்வு நாளும். வீடியோவைக் கரையில் வரிசையில் நிற்கும்போதே தமிழ், சிங்களம், ஆங்கிலம், ஹிந்தியில் காட்டலாம். தண்ணீர் முழங்கால் அளவு என்றால் நடக்காதே, மித என்பதை ஒரு தடவை படமாகப் பார்த்தவர் செய்யமாட்டார்.

பொருந்தாதது இரண்டு நாள் முன்பதிவு. இங்கே காலையில் கடல் தட்டையாக இருக்கும், பகல் ஏறக் காற்று ஏறும். 11 மணிச் சீட்டு வைத்திருப்பவரைக் காற்றில் ஏற்றினால் ஆபத்து, ஏற்றாவிட்டால் காசைத் திருப்பவேண்டும். ஆகவே முறை வருமானால் இப்படி வரவேண்டும். சீட்டு நாளுக்குரியது, நேரம் காலை 6 மணிக்குக் கடலைப் பார்த்து உறுதியாகும்; கடல் பொல்லாது என்றால் அடுத்த இரண்டு நாளில் எதற்கும் செல்லும்; அதுவும் முடியாவிட்டால் முழுக்காசும் தானாகத் திரும்பும். சீட்டில் கால்வாசியையாவது கரையில் நேரே வருபவருக்கு வைக்கவேண்டும். இல்லாவிட்டால் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் பிள்ளைகளோடு வருபவர் தன் ஊர்த் தீவையே பார்க்க முடியாது. கடவுச்சீட்டு அல்லது அடையாள அட்டை இலக்கம் இல்லாமல் சீட்டு விற்கக்கூடாது. எல்ல ரயில் இருக்கைகளை மொத்தமாக வாங்கிப் பல மடங்குக்கு விற்றதாக 2025 தொடக்கத்தில் ஆட்கள் கைதானது ஞாபகம் இருக்கும். பெயரில்லாத இணையச் சீட்டு தரகருக்குத்தான் வசதி.

வாசிக்கும் கருவி நெட் இல்லாமலும் வேலை செய்யவேண்டும். அன்றைய பட்டியலைக் காலையில் கருவிக்குள் இறக்கிவிட்டால் போதும், மாலை நெட் வந்ததும் கணக்கை ஒப்பிடும்.

திமிங்கிலம் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு போட் கண்டதும் வட்ஸ்அப் குழுவில் இடத்தைப் போடுகிறது, பத்து நிமிடத்தில் பத்துப் போட். விதி 100 மீற்றர் தள்ளி நிற்கச் சொல்கிறது. பத்துப் போட் சுற்றி நின்றால் 100 மீற்றரும் கூடுதான். குழுவிலேயே ஒரு ஒழுங்கு வைக்கலாம்: இடத்தைப் போடுபவர் எத்தனை போட் நிற்கிறது என்பதையும் போடவேண்டும், மூன்றுக்கு மேல் என்றால் அடுத்தது காத்திருக்கவேண்டும். செயலி தேவையில்லை.

---

கோணமலைக் குறிப்பு

@பைபர் போட், வெனிஸ் 2024 ஏப்ரல் 25 முதல் பகல்நேர வருகையாளரிடம் 5 யூரோ கியூஆர் சீட்டு கேட்டது, தெரிந்தெடுத்த 29 நாட்களுக்கு மட்டும். 2025 இல் கடைசி நேரத்தில் பதிபவருக்கு 10 யூரோ. எத்தனை பேர் வரலாம் என்ற எல்லை அதில் இல்லை. ஆகவே காசு சேர்ந்தது, கூட்டம் பெரிதாகக் குறையவில்லை என்ற விமர்சனம் அங்கேயே எழுந்தது. பூட்டான் இரவுக்கு 100 டொலர் அபிவிருத்திக் கட்டணத்தை விசாவோடு சேர்த்து இணையத்திலேயே அறவிடுகிறது, முன்பு 200. ஒன்று கட்டணம், மற்றது கொள்கை. நீங்கள் சொல்வதில் எண்ணிக்கை எல்லை இருக்கிறது, அதனால் மூன்றாவது வகை.

---

அலஸ்தோட்டம் நெட்

மேலே எல்லாரும் நெட் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். மாதக்கணக்கில் தங்கி வேலை செய்பவர்கள் "வைஃபை உண்டு" என்ற வசனத்தை நம்பமாட்டார்கள். வேகத்தை அளந்த படத்தைப் போடுங்கள், இறக்கத்தை மட்டுமல்ல ஏற்றத்தையும். வீடியோக் கூட்டத்துக்கு ஒரு ஆளுக்கு ஏற்றம் விநாடிக்கு 3 முதல் 4 மெகாபிட் வேண்டும். நாலு அறையில் நாலு பேர் ஒரே நேரத்தில் கதைத்தால் 16. அது இல்லையென்றால் விளம்பரத்தில் "வேலைக்கு உகந்தது" என்று போடாதீர்கள். அந்த ஒரு வசனத்தால்தான் கெட்ட மதிப்பீடு வருகிறது.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுக்கும் அரை நிமிடத்தில் ரூட்டர் அணைந்து திரும்ப எழ மூன்று நான்கு நிமிடம் ஆகும். ரூட்டருக்கென்று 12 வோல்ட் சிறு யூபிஎஸ் விற்கிறது. ரூட்டரின் அடியில் எழுதியுள்ள வோல்ட், அம்பியர் பார்த்து வாங்குங்கள். பைபர் பெட்டிக்கும் ஒன்று வேண்டும். பலர் ரூட்டருக்கு மட்டும் போட்டுவிட்டு "வைஃபை இருக்கு, நெட் இல்லை" என்று தலையைச் சொறிவார்கள். தோட்டத்தில் வைத்த வைஃபை அலைக்கருவியின் இணைப்பு முனைகளை உப்புக்காற்று ஒரு வருடத்தில் பச்சை பிடிக்க வைக்கும். தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றி, மேலே சாதாரணக் கறுப்பு நாடா. கம்பி கீழே தொங்கி ஒரு வளைவு எடுத்துப் பிறகு மேலே போகவேண்டும். தண்ணீர் வளைவில் சொட்டட்டும், முனைக்குள் போகாது.

2025 யூலையில் ஸ்டார்லிங்க் வந்திருக்கிறது. பைபர் உள்ள இடத்தில் அதற்குக் காசு கொட்டத் தேவையில்லை. பைபர் போகாத ஒதுக்கமான கரைகளில் இருப்பவர்கள் யோசிக்கலாம். தென்னை மறைக்காத வானம் வேண்டும், அதுதான் இங்கே கஷ்டம்.

---

புதுவிடுதி

ஒரு கேள்வி. நாலு அறை. இரண்டு தளத்தில் போட்டிருக்கு. நாட்காட்டி இணைப்புப் போட்ட பிறகும் ஒரே அறை இரண்டு பேருக்குப் போகுது. என்ன பிழை?

---

உவர்மலை மேசை

பிழை உங்களில் இல்லை. நீங்கள் போட்ட நாட்காட்டி இணைப்பு (ஐகல்) என்பது ஒரு தளம் மற்றத் தளத்தின் நாட்காட்டியைச் சில மணிக்கு ஒரு தடவை போய் எட்டிப்பார்ப்பது. இடைப்பட்ட நேரத்தில் வந்த பதிவு தெரியாது. ஓகஸ்ட் சனிக்கிழமையில் அந்த இடைவெளி போதும். இன்னொன்று: அறைக்கு ஒரு இணைப்பு. நாலு அறையையும் ஒரே வகையாகப் போட்டு ஒரே இணைப்புக் கொடுத்தால் ஒன்று நிரம்பியதும் நாலும் மூடும், அல்லது நாலும் நிரம்பிய பிறகும் திறந்திருக்கும்.

எல்லாத் தளத்தோடும் உடனுக்குடன் பேசும் வழிமுகாமை (சனல் மனேஜர்) மென்பொருள் எடுத்தால் தீரும், மாதக் கட்டணம். நாலு அறைக்கு அது வேண்டாம் என்றால் உச்ச பருவத்தில் அறைகளைப் பிரியுங்கள்: மூன்று ஒரு தளத்தில், ஒன்று மற்றதில், கலக்காமல். வட்ஸ்அப்பில் நேரே வரும் ஆளுக்கு "ஓம்" சொல்லமுன் இரண்டு தளத்திலும் அந்த நாளை மூடுங்கள். மூடிய பிறகு பதில் எழுதுங்கள். ஒழுங்கு மாறினால் பிழை வரும்.

மதிப்பெண்ணையும் கவனியுங்கள். 20 மதிப்பீடு, சராசரி 9.0 என்று இருக்கும்போது இரட்டைப் பதிவால் கோபித்தவர் 4 போட்டால் 8.76 ஆகும். திரும்ப 9.0 க்கு ஏற ஐந்து பேர் 10 போடவேண்டும். "9 க்கு மேல்" என்று வடிகட்டித் தேடுபவர் கண்ணில் அதுவரை நீங்கள் இல்லை.

இன்னுமொன்று. "விருந்தினரின் ஒவ்வாமைப் பட்டியல்", "அறைப் படம்" என்று இணைப்போடு வரும் மின்னஞ்சலைத் திறக்காதீர்கள். அப்படித்தான் விடுதியின் கடவுச்சொல்லைத் திருடி, உங்கள் பெயரிலேயே விருந்தினருக்கு "அட்டையைத் திரும்ப உறுதிப்படுத்துங்கள்" என்று செய்தி அனுப்புகிறார்கள். இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள், அந்தச் சரிபார்ப்பு இலக்கம் பருவத்துக்கு மட்டும் வேலைக்கு வரும் பிள்ளையின் போனுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

புதுவிடுதி

நன்றி அண்ணை. அப்ப வாடைக்கு மூடும்போது பக்கத்தை என்ன செய்யிறது? போன முறை கூகுளில் "தற்காலிகமாக மூடப்பட்டது" என்று போட்டம், மேயில் திறந்தும் ஆள் குறைவு.

---

வரைபடப் பைத்தியம்

அதைப் போடாதீர்கள். ஆறு மாதம் அப்படிக் கிடந்தால் தேடலில் பின்னுக்குப் போகக்கூடும், தை மாசியிலேயே யூலைக்குத் தேடும் ஐரோப்பியர் மூடிய கடை என்று தாண்டிவிடுவார். பக்கத்தைத் திறந்தே வையுங்கள். விபரிப்பின் முதல் வரியில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை அறை உண்டு என்று எழுதுங்கள், போனையும் வட்ஸ்அப்பையும் உயிரோடு வையுங்கள். முன்பதிவுத் தளங்களில் நவம்பர் முதல் பெப்ரவரி வரையான நாட்களை மட்டும் மூடி, அடுத்த ஏப்ரல்–செப்டெம்பர் விலையை ஒக்டோபரிலேயே ஏற்றிவிடுங்கள். மாதத்துக்கு ஒரு படம் போதும். மழையில் நனைந்த முற்றமாக இருந்தாலும் பரவாயில்லை, திகதி புதிதாக இருக்கவேண்டும்.

---

கணக்குப்பிள்ளை

விலையை ஏற்றும்போது 0.6561 ஐ மறக்கவேண்டாம். போன் கழிவைக் கழற்றிவிட்டீர்கள் என்றால் அது 0.729.